பொய்த்த கோடு

கால்நடை மருத்துவர் தேவநேசனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த செண்பகவல்லி, அவரைவிடப் பத்து வயது இளையவர். கணிதப் பேராசிரியை. மாட்டைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் எந்த ஊரில் எத்தனை மாடு, எது எந்தச் சந்தைக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டு அவர் பலகையில் ஒரு கோட்டை இழுத்தால், கோமாரி நோய் எங்கே எழும், எங்கே தணியும் என்பது தேவநேசனுக்குக் கண்முன்னால் தெரியும். முப்பது வருஷம் ஊசி போட்ட கைக்குத் தெரியாதது அது.

அந்த வருஷம் பக்கத்துத் தாலுக்காவில் நோய். கார்த்திகைச் சந்தையில் எல்லா ஊர் மாடும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும். செண்பகவல்லியின் பலகையில், சந்தை கூடினால் கோடு செங்குத்தாக ஏறியது. பாதிக் கறவை வற்றிவிடும். கூடாவிட்டால் கோடு தரையோடு படுத்தது.

தேவநேசன் வீடுவீடாகக் கெஞ்சிச் சந்தையை நிறுத்தினார்.

நோய் வரவில்லை. ஏச்சு வந்தது.

"ஊரே என்னைப் பொய்யன்னு சொல்லுது, மேடம். பக்கத்துல நோய் இன்னும் அடங்கலை. தைச் சந்தையையும் நிறுத்தணும். இனி யார் கேப்பாங்க? கணக்கு நிஜம்னு எப்படிக் காட்டுவேன்?"

"வாங்க, போய்ப் பார்க்கலாம்."

பொன்னாத்தாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சந்தைக்கென்றே இரண்டு காளைகளைத் தீனி போட்டுத் தேற்றி வைத்திருந்தவர்.

"வாங்க டாக்டரய்யா! இந்தம்மாதான் சோசியம் பாத்தவங்களா? பால் வத்தும், கன்னு சாகும்னீங்களே. ஏனுங்க, எங்கீங்க அந்த நோவு? வழி தெரியாம நிக்குதுங்களா?"

தேவநேசன் தலைகுனிந்தார். பேராசிரியை பையிலிருந்து அந்தக் கோடு வரைந்த தாளை எடுத்துக் காட்டுவார் என்று காத்திருந்தார்.

அவர் பையைத் திறக்கவில்லை.

"நடந்து வந்தது தாகமா இருக்கும்மா. குடிக்க ஏதாச்சும் குடுங்க."

திட்டிக்கொண்டேதான் உள்ளே போனார் பொன்னாத்தாள். ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்கள் அல்லவா. டம்ளர் தளும்பக் காப்பி வந்தது. கொட்டிலில் மயிலைப் பசுவின் கழுத்துமணி அசைந்தது.

பேராசிரியை அவசரமில்லாமல் குடித்து முடித்தார். பொன்னாத்தாள் விடவில்லை.

"இப்பச் சொல்லுங்க. உங்க கணக்குல வந்த நோவு எங்கீங்க?"

"பால் திக்கா இருக்கும்மா. அந்த மயிலையோடதா?"

பொன்னாத்தாள் திரும்பிக் கொட்டிலைப் பார்த்தார். காலி டம்ளரைப் பார்த்தார். குரலை இறக்கிக் கேட்டார்.

"அப்பத் தையிலயும் சந்தைக்கு ஓட்டிட்டுப் போக வேண்டாங்கறீங்க."

"தையிலயும் உங்க வீட்டுல காப்பி குடிக்கணும்னு இருக்கேம்மா."