செல்லக்கிளிக்கு ஒரு வெண்பா

புலவர் மாசிலாமணி கண்ணீருக்கு மதிப்பெண் போடுகிறவர் இல்லை. முதலில் சீரைப் பார்ப்பார், பிறகுதான் ஆளைப் பார்ப்பார்.

பாட்டை அசை அசையாகப் பிரித்து அலகிட அவருக்குப் புளியங்கொட்டை வேண்டும். நேரசைக்கு ஒன்று, நிரையசைக்கு இரண்டு. சீர் சீராகப் பலகையில் வைத்துக்கொண்டே போவார்.

அவருடைய மாணவி தெய்வானை அவரைவிடப் பத்து வயது மூத்தவள். காய்ச்சலில் போன மகளுக்கு ஒரு வெண்பா எழுதவேண்டும் என்று மாதக்கணக்காக வந்துகொண்டிருந்தாள். முதல் நினைவு நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

அன்று பதினேழாவது வெண்பாவை நீட்டினாள். ஒவ்வொரு அடியும் "செல்லக்கிளி" என்று மகள் பெயரில் தொடங்கியது.

புலவர் கொட்டைகளை வைத்தார். ஒன்று, ஒன்று, இரண்டு. அங்கேயே கை நின்றது.

"எதுகை நன்று, மோனை நன்று. இந்தப் பெயர்தான் இடிக்கிறது. வெண்பாவில் மூன்றசைச் சீர் நிரையில் முடியக் கூடாது."

"தெரியும், ஐயா."

"தெரிந்துமா அடிக்கு ஒரு முறை வைத்தீர்கள்?"

"கூப்பிடாமல் எப்படி எழுதுவது?"

"'கண்மணி' என்று வையுங்கள். சரியாக உட்காரும்."

"அது அவள் பெயர் இல்லையே."

"அப்படியானால் வேறு பாவில் எழுதுங்கள்."

"உங்களிடம் வெண்பா படிக்க அனுப்பு என்று அவள் கேட்டாள். வீட்டு வேலையைச் சொல்லித் தட்டிக்கழித்தேன். பெயரும் மாறாது, பாவும் மாறாது. நாளைக்கும் வருவேன்."

புலவருக்கு அவள் பிடிவாதம் பிடித்துப்போனது. பெயரை இரண்டாகப் பிரித்து, கொட்டைகளைப் பலகையின் கடைசி ஓரத்துக்குத் தள்ளினார்.

"'கிளி' தனியாக நிற்க வெண்பாவில் ஒரே இடம்தான் உண்டு. பாட்டின் முடிவு."

"அந்த இடமும் தெரியும்" என்றாள் தெய்வானை. இடுப்பிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

எல்லோரும் வந்தார் எனைவிட்டுப் போனாயே
சொல்லாமல் செல்லக் கிளி.

புலவர் அலகிட்டார். ஒரு கொட்டைகூடப் பிசகவில்லை.

"இதை ஏனம்மா இத்தனை நாள் காட்டவில்லை?"

"அவள் பெயரோடு முடிந்துவிடுகிறதே, ஐயா. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லையே."

"எத்தனை தடவை பாடினாலும், அம்மா, அவளிடம்தான் போய்ச் சேருவீர்கள்."