கொடுத்த தொட்டில்

சர்ர்... சர்ர்... இருட்டில் எதுவோ எதையோ சுரண்டியது.

செலின் விழித்துக்கொண்டாள். சத்தம் பிள்ளையின் தொட்டில் பக்கமிருந்து வந்தது. கணவன் கப்பல் வேலைக்குப் போய் மாதக்கணக்காகிறது. வீட்டில் அவளும் கைக்குழந்தையும்தான்.

“மாதாவே” என்றபடி விளக்கைப் போட்டாள்.

தொட்டிலடியில் ஓர் ஆள் மண்டியிட்டிருந்தான். வாயில் டார்ச், கையில் உப்புத்தாள்.

அவள் வீறிட்டாள். பிள்ளையும் வீறிட்டது.

“ஏய், கத்தாதே. நான்தான்.”

சந்தியாகு. அவளுடைய அண்ணன்.

“தொட்டில் கால்ல ஒரு சிலாம்பு இருந்தது ஞாபகம் வந்துச்சு. தேய்ச்சுவிடலாம்னு வந்தேன். கதவு சும்மா சாத்தித்தானே கிடந்துச்சு.”

“காலையில வரக்கூடாதா அண்ணே?”

“அதுக்குள்ள பிள்ளைக்குக் குத்திட்டா?”

அவள் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். விடியும்வரை கீழே விடவில்லை.

சந்தியாகு மரவேலை கற்றது விசாலாட்சியிடம். செலினைவிட இளையவள். ஆனாலும் ஊருக்கே ஆசாரியம்மா. செலின் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளிடம் போனாள்.

“ஆசாரியம்மா, எங்க அண்ணனுக்கு நீங்கதான் சொல்லணும்.”

“என்ன செஞ்சாரு?”

“சொந்தக்காரங்க, சிநேகிதங்க எல்லாருக்கும் எதையாவது செஞ்சு கொடுக்குறாரு. அத்தைக்கு அஞ்சறைப்பெட்டி, கூட்டாளிக்கு நாற்காலி, எனக்குத் தொட்டில். கொடுத்துட்டு, நினைச்ச நேரமெல்லாம் வந்து செதுக்குறாரு, தேய்க்கிறாரு. பயத்துல எனக்குப் பாலே வத்திடும் போல இருக்கு.”

“தாழ்ப்பாள் போட வேண்டியதுதானே அக்கா?”

“எப்படிங்க? அப்பா இல்லாத என்னைத் தூக்கி வளர்த்தவரு. பாசத்துல வர்றவரை வெளிய நிறுத்துனா பாவம் இல்லையா? நிறுத்தாம தூங்கவும் முடியல. எது சரின்னே புரியல.”

“தொட்டிலை எப்போ கொடுத்தாரு?”

“பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்னைக்கு.”

“கொடுத்துட்டாரா?”

“கொடுத்துட்டாரே! எங்க வீட்டிலதானே கிடக்கு.”

என்ன கேள்வி இது என்று செலின் விழித்தாள்.

விசாலாட்சி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க. இது உங்களுக்குத்தான். எடுத்துட்டுப் போங்க.”

செலின் உட்கார்ந்தாள். உடனே விசாலாட்சி இழைப்புளியை எடுத்து முக்காலியின் விளிம்பை இழைக்கத் தொடங்கினாள்.

செலின் துள்ளி எழுந்தாள். இழைப்பு நின்றது.

தயங்கி உட்கார்ந்தாள். மறுபடியும் இழைப்பு. மரச்சுருள் சேலையில் ஒட்டியது.

“கேலி பண்றீங்களா? இழைச்சுக்கிட்டே இருந்தா நான் எப்படி உட்காருறது?”

“நீங்க நல்லா உட்காரணும்னுதான் இழைக்கிறேன்.”

“நல்லாத்தான் இருக்கு! விடுங்க!”

விசாலாட்சி விட்டுவிட்டாள். வேறு பலகையை எடுத்துத் தன் வேலையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

இடுப்பில் பிள்ளை, மறுகையில் முக்காலி. புத்தி சொன்னாளா, விரட்டினாளா என்று வழியெல்லாம் யோசித்தும் செலினுக்குப் பிடிபடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் சந்தியாகு வந்தான். கையில் உளி.

பிள்ளை தொட்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. செலின் வாசலிலேயே நின்றாள்.

“தொட்டில் நல்லா இருக்கு அண்ணே.”

“நீ சரியாப் பார்க்கல. இடது பக்கம் ஒரு மூலை...”

“நல்லா இருக்கு.”

“என் மேல கோபமா?”

“இல்ல. நாளைக்கு மத்தியானம் சாப்பிட வா. மீன் குழம்பு வைக்கிறேன். கையை வீசிக்கிட்டு வா.”

அவன் கையிலிருந்த உளியைப் பார்த்தான்.

“அப்போ அந்த மூலை?”

“அது என் தொட்டில் அண்ணே.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

கதவைச் சாத்தினாள். போட்டுப் பழகாத தாழ்ப்பாள் முதலில் அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். விழுந்தது.