சொர்ணத்தின் முகம் கெடாமல் காத்த கதை

கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொன்னால் கோணல்பட்டிக்காரர்கள் காதில் விழும். யாரோ முட்டாள்களைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று அவர்களும் சிரிக்க வந்துவிடுவார்கள்.

கோணல்பட்டியில் ஊறுகாய் போட்டுப் பிழைக்கிற அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் ஆவுடையப்பன்தான் அவர்களில் கெட்டிக்காரன். பஸ்ஸைத் தவறவிட்டால் ஊரே அதன் பின்னால் ஓடும்; இவன் மட்டும் பஸ் வந்த பக்கமாக ஓடுவான், "அங்கதானே இன்னும் நிறைய பஸ் இருக்கு" என்று.

ஊறுகாய் விஷயத்தில் மட்டும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்லுப்பு போடு, ஈரக் கை வைக்காதே, ஜாடி வாயில் வெள்ளைத் துணி கட்டு, வெயிலில் வை, தினமும் அகப்பையால் கிளறு. அவர்கள் படித்த படிப்பு அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரே தங்கச்சி, சொர்ணம். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா அவள் கன்னத்தை வழித்து, "கல்யாணத்தன்னிக்கும் இந்த முகம் இப்படியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. முகம் கொஞ்சம் மாறினாலும் கல்யாணம் நின்றுவிடுமே.

சொர்ணம் கடையில் வாங்கின கிரீம் ஒன்றைப் பூசிக்கொண்டிருந்தாள். அவன் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் ஜெபமணியிடம் ஓடினான்.

"கெடாம இருக்க இதுல மருந்து சேர்த்திருக்காங்க," என்றாள் நர்ஸ். "துளிதான், அனுமதிச்ச அளவு. அது இல்லேன்னாதான் ஆபத்து, கிருமி வளரும். எந்தக் கிரீமும் புதுசுன்னா கையில கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க. அரிப்பு வரலேன்னா முகத்துல பூசலாம்."

வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"மருந்து யாருக்குடா கொடுப்பாங்க?" என்றான் ஆவுடையப்பன்.

"சீக்காளிக்கு," என்றான் நடுவுள்ளவன் வெள்ளத்துரை.

"அப்போ இந்தக் கிரீமுக்கு ஏதோ சீக்கு."

"ஐயோ, தங்கச்சிக்கு ஒட்டிக்கிட்டா?" என்றான் கடைக்குட்டி மாசாணம்.

டப்பாவைக் கொல்லையில் புதைத்தார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் ஆயுசு போட்டிருந்துச்சுண்ணே," என்று வெள்ளத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு கற்றாழையும் பாலாடையும் சேர்த்து அரைத்து, மருந்தே இல்லாத கிரீம் செய்தார்கள். நர்ஸ் சொன்னபடி மாசாணத்தின் கையில் தடவி, ஒரு நாள் முழுக்க அந்தக் கையையே பார்த்தார்கள். சாப்பிடப் போகிறவன், "பாத்துக்கோ" என்று அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். நடுவில் மாசாணத்துக்கு மூக்கு அரித்தது. "அரிப்பு வரக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க" என்று சொறிய விடவில்லை.

கை தேறிவிட்டது. கிண்ணத்தைத் திறந்தால் கிரீம் மேலே பச்சைப் பசேலென்று பூஞ்சை, ரோமம் ரோமமாக.

"முளைச்சிருக்கு," என்றான் வெள்ளத்துரை. "சத்துள்ள கிரீம்ணே."

"தங்கச்சி முகத்துலயும் முளைச்சா?" என்றான் ஆவுடையப்பன்.

பச்சைத் தாடியோடு மணையில் உட்கார்ந்திருக்கிற சொர்ணத்தை மூவரும் நினைத்துப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளைக்கே தாடி சரியா வளரலை," என்றான் மாசாணம். "பாவம், அவரு மனசு என்ன பாடுபடும்."

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்தான். "ஏண்டா, நம்ம மாங்கா மட்டும் எப்படிடா கெடாம இருக்கு?"

கல்லுப்பு, கடுகு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் என்று எல்லாம் விழுந்தது அடுத்த கிரீமில். சொர்ணம் மோந்து பார்த்தாள்.

"மொதல்ல நீ பூசுண்ணே," என்றாள்.

பூசினான். மறுநொடி கிணற்றுக்கு ஓடினான். தம்பிகள் இரண்டு பேரும் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். "தண்ணி படக் கூடாதுண்ணே, கெட்டுரும்."

சொர்ணம் நர்ஸைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்ப் பழைய கிரீமிலேயே வேறு டப்பா வாங்கி வந்து, கல்யாணம் முடிகிற மட்டும் அதை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள். கல்யாணத்தன்று அவள் முகம் நிச்சயத்தன்று இருந்தது போலவே பளிச்சென்று இருந்தது. ஆவுடையப்பன் முகம்தான் ஆவக்காய் நிறத்தில் இருந்தது.

மாமியாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தாலி கட்டி முடிந்ததும், "இவங்க ரெண்டு பேரும் என்னிக்கும் இப்படியே இருக்கணும்" என்றாள்.

அது ஆவுடையப்பன் காதில் விழுந்தது.

எல்லோரும் அட்சதை தூவ, அவன் கல்லுப்பு தூவினான். மாலையும் கழுத்துமாக நின்றவர்களைப் பந்தலுக்கு வெளியே இழுத்து வந்து வெயிலில் நிறுத்தினான். இரண்டு தலையிலும் வெள்ளைத் துணி போட்டுக் கட்டினான். பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு வாழ்த்த வந்தவர்களை, "ஈரக் கையால தொடாதீங்க" என்று விரட்டினான்.

"எங்கண்ணன் பாசக்காரருங்க," என்றாள் சொர்ணம் துணிக்குள்ளிருந்து.

"தெரியுது," என்றான் மாப்பிள்ளை பக்கத்துத் துணிக்குள்ளிருந்து.

மறுநாள் விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம். மாமியார் திறந்து பார்த்தாள். நன்றாகத் துடைத்துக் காயவைத்த பெரிய அகப்பையோடு ஆவுடையப்பன் நின்றான்.

"என்ன தம்பி, இவ்வளவு காலையில?"

"ஒண்ணுமில்லேம்மா, நீங்க உங்க வேலையப் பாருங்க. ரெண்டு பேரையும் ஒரு கிளறு கிளறிவிட்டுட்டுப் போயிடுறேன்," என்று சொல்லிக்கொண்டே அவன் உள்ளே போனான்.