அமிர்தம் புதைத்த முட்டைகள்

கேட்ட உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதைக்கு அவசரப்பட்டு விடை சொன்னவர்கள் எல்லாரும் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நொச்சிமேடு என்று ஒரு மீனவக் குப்பம். கடலாமைகள் முட்டையிட வரும் கரை. போட்டது போட்டபடி விட்டால் நாய் தோண்டித் தின்றுவிடும். அதனால் விடியலில் போய் முட்டைகளை எடுத்துவந்து, வேலியடைத்த ஒரு மணல்மேட்டில் திரும்பக் குழி தோண்டிப் புதைத்துக் காப்பார்கள். அந்த மேட்டுக்குக் காவல்காரர் தேசிங்கு. அவரோடு கூடவே அலைந்தவள் அவர் மனைவி அமிர்தம். பிள்ளை இல்லாத அந்த இருவருக்கும் மேட்டோரத்துக் குடிசைதான் உலகம்.

நாய் ஒளிய இடம் கொடுக்கக் கூடாது என்று ஊரார் மேட்டைச் சுற்றியிருந்த தாழம்புதர்களை ஒன்றுவிடாமல் வெட்டிப்போட்டிருந்தார்கள். நல்லெண்ணம்தான், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் நிழல் போயிற்று, மணல் கொதித்தது. ஆமை முட்டையில் ஒரு விசித்திரம் உண்டு. மணல் குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சு, சுட்டால் பெண் குஞ்சு. புதர் போனதிலிருந்து இங்கே பொரிந்ததெல்லாம் அநேகமாகப் பெண்தான் என்று, ஆமைகளை ஆராய வரும் நளாயினி அந்தத் தம்பதியிடம் வருத்தத்தோடு சொல்லியிருந்தார்.

ஒரு மாசி மாதம் அமிர்தம் படுக்கையில் விழுந்தாள். அதற்குச் சற்று முன்னால்தான் அவள் அந்த வருடத்தின் கடைசி முட்டைக் குவியலை எடுத்துவந்து, நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்துத் தன் கையாலேயே புதைத்திருந்தாள்.

"அதுக்கு நிழல் கட்டாத. பொண்ணாப் பொறக்கட்டும்" என்றாள் தேசிங்குவிடம். "ஆம்பள ஆமை கடலுக்குள்ள போனா போனதுதான், கரைய மிதிக்காது. பொண்ணுதான் முட்டையிடத் திரும்பி வரும். நீ ஒத்தையாக் கெடக்கும்போது எம் புள்ளைங்க வருங்க. சத்தியம் பண்ணு."

அவர் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவள் போய்விட்டாள்.

குடிசை அவரை விழுங்க வந்தது. சோறு ஆக்கினால் இருவருக்கு ஆக்கிவிடுவார். பகலெல்லாம் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆமை வளர்ந்து திரும்பப் பல வருடம் ஆகும், அதுவரை தான் இருப்போமா என்றுகூட அவர் யோசிக்கவில்லை. வருவதற்கு யாரோ இருக்கிறார்கள், அது போதும் அவருக்கு.

பங்குனி வெயிலில் நளாயினி தென்னங்கீற்றோடு வந்து நின்றார். "ஐயா, மத்த குழிக்கெல்லாம் காலம் கடந்துபோச்சு. ஆணா பொண்ணான்னு இன்னும் முடிவாகாதது இது ஒண்ணுதான். இதுக்காவது நிழல் கட்டலாம். கடல்ல ஆணே குறைஞ்சுக்கிட்டு வருது. ஆனா நீங்க வேணாம்னா நான் கட்ட மாட்டேன்."

அமிர்தத்தின் தம்பி கன்னியப்பன் குறுக்கே வந்தான். "மாமா, அக்காவால இனி வந்து கேக்க முடியாது. கேக்க முடியாதவளுக்குக் குடுத்த வாக்கை மீறலாமா?"

பாதிக்கு நிழல், பாதிக்கு வெயில் என்று நீங்கள் சாமர்த்தியம் பேசாதீர்கள். ஒரே குழி. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் முட்டைகள்.

தேசிங்கு எழுந்து, அழுதுகொண்டே, தன் கையாலேயே கீற்றுப் பந்தல் போட்டார். கன்னியப்பன் அன்றோடு மாமனிடம் பேச்சை விட்டான். குஞ்சுகள் பொரிந்தன. கூடையைத் தூக்கிப்போய் அலையோரம் அவற்றை விட்டவர் அவர் ஒருவர்தான்.

சொல்லுங்கள். வாக்கைக் காப்பாற்று என்றான் கன்னியப்பன். நிழல் கட்டு என்று கேட்டார் நளாயினி. செத்தவளுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினார் தேசிங்கு. இந்த மூவரில் அமிர்தத்துக்கு உண்மையாக இருந்தது யார்?

விடை: தேசிங்குதான். நளாயினி கடலை நினைத்தார், அமிர்தத்தை அல்ல. கன்னியப்பன் அக்காவின் சொல்லைப் பிடித்துக்கொண்டான், அவள் ஆசையை விட்டுவிட்டான். அவள் ஆசையெல்லாம் அந்தக் கரைக்கு உயிர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும், புருஷன் வெறுமையைக் காவல் காக்கக் கூடாது என்பதுதான். சேர ஆண் கிடைக்காத ஆமை திரும்பி வந்தால்தான் என்ன? அது புதைத்துவிட்டுப் போவதெல்லாம் கூமுட்டை. கரைக்கு வரவே வராதவன் ஒருவன் கடலில் இருந்தால்தான், வருகிறவள் வந்ததற்கு அர்த்தம் உண்டு. அதற்காகத் தேசிங்கு தனக்கு வரவிருந்தவர்களையே விட்டுக்கொடுத்தார். இனி என்றைக்காவது யாரோ ஒரு ஆமை அங்கே இட்ட முட்டை பொரிந்தால், அதற்கு அப்பன் அமிர்தத்தின் பிள்ளையாக இருக்கலாம். அது அவருக்குத் தெரிய வழியே இல்லை. பாவம், அந்த மனுஷன் சரியாகச் செய்துவிட்டுத் தனியாக இருக்கிறார்.