எங்கும் தொங்கிய மான் படம்

பச்சோந்தி பொன்னுரங்கம் படிக்காமல் கையெழுத்துப் போட்டது. ஒரு மான்குட்டியின் வால் போயிற்று.

ஏரிக்காட்டில் பொன்னுரங்கத்தைப்போல் படம் எடுக்க ஆள் கிடையாது. கேமராவோடு கிளையில் உட்கார்ந்தால் கிளையின் நிறம் அதற்கு வந்துவிடும். ஒரு கண் படத்துக்கு, ஒரு கண் பருந்துக்கு. தென்கரையில் புள்ளிமான் அலமேலு தண்ணீர் குடித்ததை அப்படித்தான் எடுத்தது. அலமேலுவிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

படத்தை மைனா கடைக்குக் கொண்டுபோயிற்று. விற்பனைக்கு வைக்கும் முதல் படம்.

"எந்தச் சீட்டு போடட்டும்?" என்றது மைனா. "மூணு இருக்கு. வாங்கினவன் எங்க வேணாலும், எதுக்கு வேணாலும், எத்தனை தடவை வேணாலும் மாட்டிக்கலாம்னா பொதுச்சீட்டு. இந்த இடம், இந்த வேலை, இத்தனை நாள்னு கட்டுப்போட்டா அளவுச்சீட்டு. ஒருத்தனுக்கு மட்டும்தான், வேற யாருக்கும் இல்ல, உனக்கே இல்லன்னா தனிச்சீட்டு."

"எது சட்டுனு விலைபோகும்?"

"பொதுச்சீட்டு. மலிவு."

"அதையே போடு."

"ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு..."

"படிக்கிற நேரத்துல இன்னொரு படம் எடுத்துடுவேன்."

கையெழுத்துப் போட்டது. போய்விட்டது.

மறுநாளே ஒரு சீட்டு விற்றது. வாங்கியது வடகரை முதலை.

வடகரை நாணலுக்கு முன்னால் படம் தொங்கிற்று. கீழே எழுத்து: 'மான்கள் விரும்பும் துறை. பயமில்லை.'

அலமேலுவின் தங்கச்சி மகன் அந்தப் பக்கம் வந்தது. "எங்க பெரியம்மாவே குடிக்கிறாங்களே" என்று இறங்கியது. தாய் ஓடிவந்து இழுத்த இழுப்பில் உயிர் தப்பியது. வால் முதலை வாயோடு போயிற்று.

அலமேலு நேரே பொன்னுரங்கத்தின் கிளைக்கு அடியில் வந்து நின்றது.

"என் மூஞ்சியக் காட்டி எங்க வீட்டுப் புள்ளையவே கூப்பிட்டிருக்கான். எடுத்தது நீதானே?"

பொன்னுரங்கம் சாம்பல் நிறமாயிற்று. கிளை பச்சையாகத்தான் இருந்தது.

"கேளு. மேட்டுக்காட்டுல குளம் வத்திப்போச்சு. நாளைக்குக் காலைல நூறு மான் இங்க வருது. ஏரி அவங்களுக்குப் புதுசு. நாம வாயால சொன்னா, பங்கு போட மனசில்லாம விரட்டுறோம்னு நெனப்பாங்க. படத்தைத்தான் நம்புவாங்க. நூறு மான், பொன்னுரங்கம்."

பொன்னுரங்கம் வடகரைக்கு ஓடியது. அது ஓடி யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, அந்தப் படத்தை இறக்கிடுங்க."

"எதுக்குத் தம்பி?" முதலை சீட்டை நீட்டியது. "எங்கேயும், எதற்கும், எத்தனை முறையும். கீழ இருக்கறது உன் கையெழுத்துதானே? அழகா இருக்கு."

பொன்னுரங்கம் மைனா கடைக்குத் திரும்பியது. கடை பூட்டியிருந்தது. பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது. சுவரில் ஒரு கறையான் இறங்கி வந்தது. பழக்க தோஷம். நாக்கு பாதி வெளியே வந்துவிட்டது.

"நாக்கை உள்ள வை. உன் சீட்டைப் பத்திப் பேசணும்" என்றது கறையான்.

அதன் பெயர் வீராயி. கடையில் பழைய காகிதம் தின்பது அதன் பிழைப்பு. எழுத்தெழுத்தாகத் தின்னும். அதனால் ஒரு வரி விடாது.

"உன் சீட்டோட நகலை இன்னைக்குக் காலைலதான் தின்னேன். 'அவனுக்கு மட்டும்'னு ஒரு வரி அதுல இல்ல. இருந்தா பல்லுல பட்டிருக்கும்."

"இல்லாட்டி என்ன? படத்தைத்தான் வித்துட்டேனே."

"மண்டு. மாட்டிக்கிற அனுமதியத்தான் வித்த. படம் இன்னும் உன்னுது. அவன் மாட்டினா நீயும் மாட்டலாம். ஒரு இடத்துல இல்ல, ஓராயிரம் இடத்துல."

"மாட்டி?"

"வர்ற வழியெல்லாம் மாட்டு. சொட்டுத் தண்ணி இல்லாத இடமாப் பாத்து மாட்டு. அவன் எழுதின வரியவே கீழ எழுது. அப்புறம் அந்தப் படத்தை எவன் நம்புறான் பாப்போம்."

பொன்னுரங்கம் எழுந்தது. இந்தத் தடவை முதலில் அலமேலுவிடம் போயிற்று.

"அக்கா, உங்க படத்தை இன்னும் அறுபது இடத்துல மாட்டணும். நீங்க சரின்னாத்தான்."

அலமேலு ஏற இறங்கப் பார்த்தது. "கேக்கத் தெரிஞ்சுக்கிட்டியே. மாட்டு."

பொழுது சாய்வதற்குள் பாறையில், கள்ளியில், பட்டமரத்தில், புற்றில் எல்லாம் மாட்டியாயிற்று. தூங்கிக்கொண்டிருந்த ஒரு காட்டெருமை முதுகிலும் ஒன்று. எங்கும் அதே அலமேலு. அதே குடி. அதே 'பயமில்லை'.

காலையில் மேட்டுக்காட்டு மான்கள் வந்தன. நாக்கு வறண்டிருந்தது. முதல் படத்துக்கு ஓடின. பாறை. அடுத்ததற்கு ஓடின. கள்ளி. ஐந்தாவது படத்தில் ஒரு கிழ மான் உட்கார்ந்தேவிட்டது.

"இந்த ஊர்ல இந்த அம்மா எங்கதான் தண்ணி குடிக்கல?"

மந்தை சிரித்துவிட்டது. வடகரையில் நாணல் தண்ணீரை மறைத்திருந்தது; அங்கே தொங்கிய படத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தாண்டினால் தென்கரை. அங்கே நிஜமான அலமேலு நின்று குடித்துக்கொண்டிருந்தது. நூறும் அங்கே போய்க் குடித்தன.

முதலை மைனா கடைக்கு ஊர்ந்துபோய்ச் சத்தம் போட்டது. "அது என் படம்! எல்லாத்தையும் இறக்கச் சொல்லு."

"தனிச்சீட்டும் காட்டினேனே, அண்ணே. விலை கூடன்னு நீங்கதானே வேணாம்னீங்க" என்றது மைனா.

அன்றிலிருந்து பொன்னுரங்கம் சீட்டைப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடும். மேகம், இலை, கூழாங்கல் என்றால் பொதுச்சீட்டு. ஒரு முகம் இருந்தால், அந்த முகத்திடம் கேட்டபின் அளவுச்சீட்டு.

வீராயியிடமும் போய் நின்றது. "உனக்கு நான் என்ன செய்யணும்?"

"என்னைத் தின்னாதே. போதும்."

அது போதவில்லை பொன்னுரங்கத்துக்கு. மழை பெய்து ஈசல் கூட்டங்கூட்டமாய்க் கிளம்பும்போதும் வாயை இறுக்க மூடிக்கொள்ளும். மூக்கின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தாலும் சரி. "வீராயி வீட்டு ஆளுங்க" என்று தலையைத் தாழ்த்தி வழிவிடும்.

எழுதிக்கொடுப்பது எந்த உரிமை என்று கொடுக்கும் முன்பே படித்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்ட பின் வழி சொல்ல எல்லாருக்கும் வாய்த்துவிடாது ஒரு கறையான் வீராயி.