ஓட்டைக் குடமும் தர்மகர்த்தா நரியும்

மூங்கில்காட்டு மலைக்கோவிலில் கரியன் என்ற கழுதை தண்ணீர் சுமந்தது. ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு மொத்தம் எட்டுக் குடம் வர வேண்டும். சாமியை நீராட்ட அந்தத் தண்ணீர்தான்.

அதற்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம்.

முதலில், அதன் கொட்டகையைப் பிடுங்கி, தர்மகர்த்தா நரி ஞானகம்பீரரின் பல்லக்கை உள்ளே வைத்தார்கள். இரண்டாவதாக, மதியக் கூழை நிறுத்தி, அதற்கு விரதம் என்று பெயர் சூட்டினார்கள். மூன்றாவதாக, கூட வேலை செய்த இன்னொரு கழுதையைப் பல்லக்குத் தூக்க அனுப்பிவிட்டு, அதன் சுமையையும் கரியன் முதுகில் ஏற்றினார்கள். நான்காவதாக, குடத்தின் அடியில் விரிசல் விட்டது. வேறு குடம் கேட்டபோது, "குடத்தைப் பார்க்காதே, சாமியைப் பார்" என்றது நரி.

ஐந்தாவதாக, தண்ணீர் ஏன் குறைகிறது என்று விசாரணை வைத்தார்கள்.

விசாரிக்க வந்தது கொக்கு. ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கும். அதனால் ஞானி என்று பெயர். மூன்று நாள் கோவில் குளத்தில் நின்றது. குளத்தில் மீன் குறைந்தது. ஆற்றுப் பாதைப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் சொன்னது: "கொட்டகை, கூழ், குடம் எல்லாம் சாக்கு. கழுதைக்குப் பக்தி போதலை. விடிஞ்சதும் கோவிலை நூத்தெட்டு முறை சுத்தட்டும். அப்புறம் குடத்தைத் தூக்கட்டும்."

கரியன் சுற்றியது. சுற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறியது. எட்டுக் குடம் ஐந்தானது.

"பார்த்தீங்களா, பக்தி இன்னும் குறைஞ்சிருக்கு" என்றது கொக்கு.

நரிக்கு அது போதும். "டேய், திருவிழா அன்னிக்கு உன் பேரை வாசிக்க வச்சிடறேன்" என்றது கரியனிடம்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவன்று உச்சிப்பொழுதுக்குள் சாமிக்கு நீராட்டு நடக்க வேண்டும். தவறினால், யார் முதுகில் குடம் இருந்ததோ அவர் பெயரைக் கொடிமரத்தடியில் எல்லோர் முன்னாலும் கிளி வாசிக்கும். அவர் காட்டை விட்டுப் போய்விட வேண்டும். முதுகெல்லாம் புண்ணாகிப் போன கிழட்டுக் கழுதையை வேறு எந்தக் காடு சேர்க்கும்?

திருவிழாக் காலையில் கரியன் குடத்தைக் கூட்டத்தின் நடுவே இறக்கி வைத்தது.

"இன்னொரு வழக்கமும் இருக்கு. குறை சொன்னவரு அந்தச் சுமையை ஒரு தடவை தூக்கிக் காட்டணும். நான் கேக்கறேன்."

"அப்படி ஒண்ணு இருக்கா?" என்று நரி கிளியிடம் கேட்டது.

"ஓலையில இருக்கு. இதுவரைக்கும் யாரும் வாசிக்கச் சொல்லலை."

நரி கொக்கைப் பார்த்தது. கொக்கு கண்ணை மூடிக்கொண்டது.

"பக்தி இருக்கிறவனுக்கு இது பூ மாதிரி" என்று நரி குடத்தை முதுகில் கட்டியது.

"அந்த நூத்தெட்டுச் சுத்து?" என்றது கரியன்.

குரங்குகள் சுற்றுகளை எண்ணின. நாற்பதில் நரியின் நாக்கு தொங்கியது. நூற்றெட்டு முடிந்து ஆற்றுக்கு இறங்கி, குடத்தை நிரப்பி, சுடுபாறையில் ஏறியது. வழியெல்லாம் தண்ணீர் ஒழுகியது. கொடிமரத்தடிக்கு வந்தபோது சூரியன் உச்சியில் நின்றது. குடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

"குடம் ஓட்டை" என்று நரி மூச்சு வாங்கியது. "எவன் இதைக் கொடுத்தான்?"

"குடத்தைப் பார்க்காதீங்க ஐயா, சாமியைப் பாருங்க" என்றது கரியன்.

அதுவரை வாயே திறக்காத மான்களும் முயல்களும் சிரித்தன. இவ்வளவு தைரியம் நேற்றே வந்திருக்கலாம்.

"கழுதை பேரு ஏற்கெனவே எழுதியாச்சு. அதை வாசி" என்று நரி உறுமியது.

"குடம் யார் முதுகுல இருக்கு?" என்று கேட்டது கிளி. எழுதியிருந்த பெயரை அலகால் கீறி அழித்தது. வேறொன்றை எழுதியது. பிறகு காடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தது:

"காட்டை விட்டுப் போக வேண்டியவர், தர்மகர்த்தா ஞானகம்பீரர்."

உழைப்பவனுக்கு நிழலும் கூழும் நல்ல குடமும் கொடுக்காமல் அவன் பக்தியை எடை போடுகிறவன், அந்தக் குடத்தை ஒரு நாள் தானே சுமக்க வேண்டிவரும்.