வாகையின் தாழ்ப்பாளும் சாம்பியின் தாழ்ப்பாளும்

கோரைக்குளத்தங்கரையில் பதினேழு காட்டுப்பன்றிகள் கூட்டமாக வாழ்ந்தன. வாகை என்ற பெண்பன்றி அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. பன்றிகளில் பெண்தான் கூட்டத்தை நடத்தும். ஆண்பன்றிகள் கோரைப்பல்லைக் காட்டிக்கொண்டு தனியே திரியும், ஒரு வேலைக்கும் ஆகாது.

வாகைக்கு ஒன்பது குட்டிகள். ஒன்பதும் கொழுகொழுவென்று இருந்தன. அதே பருவத்தில் சாம்பி என்ற பன்றி நான்கு குட்டிகள் ஈன்றது. மூன்று அடைமழையில் போய்விட்டன. மிஞ்சியது ஒரே ஒரு பெண்குட்டி. முதுகுக்கோடு ஒன்று வால்வரை நீண்டிருந்ததால் அதற்குக் கீற்று என்று பெயர்.

சாம்பிக்கு வாகைமேல் பொறாமை. ஏதோ கொஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். வாகை சேற்றில் புரண்டு எழுந்தால், "அவ உடம்புல மட்டும் சேறுகூட சந்தனமா ஒட்டுது" என்று சாம்பிக்கு வயிறு எரியும். வாகை கிழங்கு தோண்டினால் அது பெரிதாகத்தான் தெரியும். "அவ உடம்பே வேற. அவளை வேற மண்ணுல செஞ்சிருக்கு" என்று தனக்குள் முணுமுணுக்கும். இந்த முணுமுணுப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. காலையில் குளத்தில் இறங்குமுன் ஒவ்வொரு பன்றியும் வாகையின் மூக்கோடு மூக்கு உரச வேண்டும். அப்புறம்தான் சேறு. இது முதல் வழக்கம். யாருக்காவது உடம்பு சுட்டால் அது மூன்று முறை உறுமிவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள ஈச்சம்புதருக்குப் போய்விட வேண்டும். உறுமல் கேட்டதும் மற்றவை மேட்டுக்கு ஏறிவிடும். புதரில் இருப்பது குணமாகும்வரை ஒருவரும் ஓடையைத் தாண்டக் கூடாது. இது இரண்டாவது.

ஒருநாள் நண்பகலில் சாம்பி கண்ணை மூடிப் படுத்திருந்தது. விழித்துப் பார்த்தால் கீற்றைக் காணோம். எங்கே என்று தேடினால், வாகையின் மடியில் ஒன்பதோடு பத்தாவதாக முட்டிமுட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"பசிச்சு அழுதுது சாம்பி. அதான் கூப்பிட்டேன். தினமும் வரட்டுமே, நல்லாத் தேறும்" என்றது வாகை.

"பெரியம்மா பால் இனிக்குதும்மா" என்றது கீற்று, வாயைத் துடைக்காமலே.

சாம்பி திரும்பி நடந்தது. தன் பிள்ளைக்கே தன் பால் போதவில்லை என்பதைவிட, வாகையின் பால் அதற்கு இனித்ததுதான் சாம்பிக்குப் பொறுக்கவில்லை. கால் போன போக்கில் நடந்து காட்டுச்சாலைக்கு வந்துவிட்டது.

சாலையோரம் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. காரில் வந்தவர்கள் தின்றது போக எறிந்த மிச்சம். உள்ளே எலும்பும் வற்றிய இறைச்சியும் இருந்தன. சாம்பி முகர்ந்தது.

"மெதுவா, மெதுவா. நான் இருக்கேன்" என்றது ஒரு குரல்.

"யாரு? கண்ணுக்கே தெரியலையே."

"தெரியாது. நான் அவ்வளவு சின்னவன். வைரஸ்னு சொல்வாங்க. பன்றிக் காய்ச்சல்னு ஊர்ல பேசிக்கிறாங்களே, அது என் வேலைதான்."

சாம்பி பின்வாங்கியது. வைரஸ் பெருமூச்சு விட்டது. மூச்சே விடாத ஒன்று எப்படிப் பெருமூச்சு விட்டது என்று கேட்டால், கதையில் அது பேசவும் செய்கிறதே, அதை மட்டும் எப்படி ஒத்துக்கொண்டீர்கள்?

"பயப்படாதே. நான் நடக்கக்கூட முடியாதவன். எனக்கு வீடு இல்ல, அடுப்பு இல்ல, ஒரு குட்டி போடக்கூட வக்கில்ல. அடுப்பு எரியுற வீட்டைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். எரியுறதுக்கு வயிறும் இல்ல" என்றது.

இப்படிப் பேசுகிற ஒருவரைத்தான் சாம்பி ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தது. வாகையைப் பற்றி, ஒன்பது குட்டிகளைப் பற்றி, பாலைப் பற்றி எல்லாம் கொட்டியது.

"அவளை இளைக்க வைக்க முடியுமா உன்னால?"

"உடம்புங்கிறது கோடிக்கணக்கான குட்டிக்குட்டி வீடுங்க" என்றது வைரஸ். "ஒவ்வொரு வீட்டுக் கதவுலயும் தாழ்ப்பாள் இருக்கு. உப்பு, சத்து எல்லாம் அது வழியாத்தான் உள்ள வரும். என் மேலெல்லாம் முள்ளு. முள்ளு நுனி அந்தத் தாழ்ப்பாள்ல கச்சிதமாப் பொருந்தும். வேண்டியவங்கதான் வந்திருக்காங்கன்னு வீடே என்னை உள்ள இழுத்துக்கும்."

"அப்புறம்?"

"உள்ள அடுப்படி இருக்கும். என்கிட்ட ஒரு சீட்டு இருக்கு. என்னைச் செய்யுற பக்குவம் அதுல எழுதியிருக்கு. அதை நீட்டுவேன். அடுப்படி தன் சமையலை விட்டுட்டு என்னையே சமைக்கும். ஒண்ணு பத்தாகும், பத்து ஆயிரமாகும். கடைசியில வீடு உடையும். நாங்க அடுத்த வீட்டுக் கதவைத் தேடிப் போவோம்."

சாம்பி, காட்டிலாகா முகாமின் அடுப்படிக்கு வாழைப்பழத்தோல் தேடிப் போய்வந்த பன்றி. அதனால் அடுப்பும் சமையலும் அதற்குப் புரிந்தது.

"பக்கத்து வீடுங்க சும்மா இருக்குமா?"

"நல்லாக் கேட்டே. திருடன் புகுந்த வீடு சுவரைத் தட்டிக் கத்தும். கேட்டா எல்லா வீடும் கதவை அடைச்சிடும், அப்புறம் என் கதை முடிஞ்சது. அதனால நான் உள்ள போன உடனே வீட்டோட வாயைப் பொத்திடுவேன். என் சாமர்த்தியமே அதுதான்."

சாம்பிக்கு மனசு குளிர்ந்தது. "உன் முள்ளு அவ தாழ்ப்பாளுக்குப் பொருந்துமா?"

"பன்றித் தாழ்ப்பாள்னா பொருந்தும்."

"அப்ப வா." சாம்பி அந்த இறைச்சியில் மூக்கை அழுத்தித் தேய்த்தது. காலையில் மூக்கு உரசும்போது வாகைக்குக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. தன் மூக்கும் பன்றி மூக்குதானே என்று அதற்குத் தோன்றவில்லை. வாகை வேறு மண்ணில் செய்தவள், நல்லதும் கெட்டதும் அவளுக்கு வேறு என்றே நினைத்துப் பழகிய புத்தி.

அது திரும்பி வந்தபோது கீற்று ஓடி வந்தது. "எங்கம்மா போனே?" என்று மூக்கோடு மூக்கை உரசியது. சாம்பி அந்தத் திட்டத்தின் மயக்கத்தில் இருந்தது. குட்டியின் முதுகை நக்கிவிட்டு, மற்றவர்களோடு சேராமல் மருதமரத்தடியில் போய்க் கிடந்தது.

மறுநாள் காலை வாகை இல்லை. விளாம்பழம் விழும் இடம் பார்க்க, ஒன்பது குட்டிகளையும் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. சாம்பி காத்திருந்தது. கோபத்தில் யாரோடும் ஒட்டாமல் கீற்றோடு மரத்தடியிலேயே கிடந்தது. அந்தக் கோபம் கூட்டத்துக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மூன்றாம் நாள் சாம்பிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கால்கள் நடுங்கின.

"ஏய், நீ எங்க இருக்கே?"

"உள்ளதான்" என்றது வைரஸ். இப்போது அது ஒரு குரல் இல்லை, ஆயிரம் குரல்.

"நீ அவளுக்குத்தானே வந்தே?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? பன்றித் தாழ்ப்பாள்னுதான் சொன்னேன். உன் தாழ்ப்பாளும் அவ தாழ்ப்பாளும் ஒரே அச்சு. தலையிலேருந்து வால்வரைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. வேறன்னு நினைச்சது நீ ஒருத்திதான்."

இத்தனை நாள் எரிந்ததெல்லாம் இல்லாத ஒன்றுக்காகவா என்று சாம்பிக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்போடு நின்றிருந்தால் அது மூன்று முறை உறுமியிருக்கும். பொறாமை விடவில்லை. 'ஒரே அச்சுன்னா அவளுக்கும் திறக்குமே' என்று அடுத்த கணமே நினைத்தது. இப்போது உறுமினால் வாகை மூக்கைத் தரமாட்டாள். அதனால் சாம்பி உறுமவில்லை.

"உள்ள வாயைப் பொத்த நான் பாடுபட்டேன். வெளிய நீயாவே பொத்திக்கிட்டே" என்றது வைரஸ், ஆச்சரியத்தோடு.

நான்காம் நாள் காலை வாகை வந்துவிட்டது. பன்றிகள் குளக்கரையில் வரிசைகட்டின. சாம்பி தள்ளாடிக்கொண்டே முன்னால் போய் நின்றது.

"உனக்குன்னு ஒண்ணு எடுத்துட்டு வந்தேன் சாம்பி" என்று வாகை ஒரு விளாம்பழத்தைக் காலால் உருட்டிவிட்டு, மூக்கை நீட்டியது. இடையில் இரண்டடி இருந்தது.

அப்போது பின்னால் ஓர் இருமல் கேட்டது. சாம்பி திரும்பிப் பார்த்தது. கீற்று மருதமரத்தடியிலிருந்து எழுந்து, "பெரியம்மா வந்துட்டாங்க" என்று தத்தித்தத்தி வந்துகொண்டிருந்தது. அதன் காதோரம் நீலம் பாய்ந்திருந்தது. ஒன்பது குட்டிகளும் மூக்கை நீட்டிக்கொண்டு அதை நோக்கி ஓடின.

சாலையிலிருந்து திரும்பிய அன்று கீற்று மூக்கு உரசியது சாம்பிக்கு ஞாபகம் வந்தது.

சாம்பி உறுமியது. ஒருமுறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை காடே அதிர உறுமியது.

வாகை பாய்ந்து ஒன்பதையும் முட்டித் திருப்பியது. நான்கைந்து அடி தள்ளி நின்று, "எத்தனை நாளா?" என்று கேட்டது.

"நேத்திலேருந்து காய்ச்சல். அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்" என்றது சாம்பி. 

கூட்டம் மேட்டுக்கு ஏறியது. சாம்பியும் கீற்றும் ஓடையைத் தாண்டிப் புதருக்குள் போயின. தினமும் வாகை தன் கரையில் நின்றே கிழங்கை ஓடைக்கு அந்தப் பக்கம் மூக்கால் எறிந்துவிட்டுப் போகும். சாம்பி எடுத்துப் போகும். காய்ச்சலில் அதற்குப் பால் வற்றிவிட்டது.

"அம்மா, பெரியம்மா பால் வேணும்" என்றது கீற்று.

சாம்பி புதர் விளிம்புக்கு வந்து அக்கரையைப் பார்த்தது. எந்தப் பாலைக் கண்டு வயிறு எரிந்ததோ, அதை இப்போது காலில் விழுந்து கேட்கவும் அது தயாராக இருந்தது. வாகை அக்கரையில்தான் நின்றிருந்தது. மடி கனத்து நின்றிருந்தது. ஆனால் ஓடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒன்பது போய்விடும். சாம்பி கேட்கவில்லை, குட்டியின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது.

புதருக்குப் போன ஆறாம் நாள் கீற்று இறந்தது. அதன் உடம்பில் நிறைந்திருந்த வைரஸ்களுக்கு அடுத்த கதவு கிடைக்கவில்லை.

சாம்பி பிழைத்தது. குணமான பிறகும் இரண்டு மழை பெய்து ஓயும்வரை அது ஓடையைத் தாண்டவில்லை. பிறகு ஒருநாள் வந்து, எல்லாரும் கேட்க, பிளாஸ்டிக் பையிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னது. கூட்டம் முழுவதும் வாகையின் முகத்தைப் பார்த்தது. வாகை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலை சாம்பி வரிசையின் கடைசியில் தலைகுனிந்து நின்றது. முறை வந்தபோது மூக்கைத் தூக்கவில்லை. வாகை அதன் எதிரே வந்து நின்றது.

"உன்னை மன்னிச்சேனான்னு எனக்கே தெரியல. ஆனா கடைசியில உறுமினே. என் ஒன்பதும் உயிரோட இருக்கு" என்று சொல்லி, தானே குனிந்து மூக்கை உரசியது.

ஈரமாக, சில்லென்று, கொஞ்சம் சேறு ஒட்டி இருந்தது அந்த மூக்கு. சாம்பியின் மூக்கும் அப்படித்தான் இருந்தது.

அடுத்தவர் வீட்டுக்கென்று நாம் அழைத்துவரும் கேடு, முதலில் நம் வீட்டு வாசலைத்தான் மிதித்துக்கொண்டு போகும்.